பாலில் மறைந்த மருந்து

உறையிட்ட பால் விடியுமளவும் உறையாதிருப்பின், நம் இல்லங்களில் உறைமோரையோ குளிரையோ பழித்தல் வழக்கம். 1940களின் பிற்பகுதியில் மேனாட்டுப் பாலாடைக்கட்டி செய்வார்க்கும் இத்தகைய இடர் நேர்ந்தது. ஆண்டுப் பழியேற்றது பெனிசிலின். பசுவின் மடிநோய்க்கு இட்ட அம்மருந்து பாலோடு வந்து, பாலைப் புளிக்கச் செய்யும் நுண்ணுயிர்களைத் தடுத்தது. பால் புளியாமை கண்டே மருந்துண்மை உணர்ந்தனர்.

இன்று வழங்கும் சோதனைகளுள் ஒன்றும் அந்நெறியிற் பட்டதே. சிறு குப்பியொன்றில் அகர் என்னும் கடற்பாசிக் கூழ், வெப்பத்தில் வளரும் ஒருவகைக் கிருமியின் வித்து, அதற்கு உணவு, ஊதாநிறச் சாயம் ஆகியன இருக்கும். அதன்மேல் இரண்டு துளியளவு பாலிட்டு, 64 பாகை சென்டிகிரேடு வெப்பத்தில் ஏறத்தாழ 3 மணி நேரம் வைப்பர். பால் தூயதாயின் கிருமி பெருகி அமிலம் சுரக்க, ஊதா மஞ்சளாகும். மருந்திருப்பின் ஊதா மாறாது நிற்கும். இன்மையைக் கொண்டு உண்மையறியும் இம்முறை, தமிழ் பயிலும் நமக்கு அளவைநூலின் சுவையையும் தருகின்றது.

காய்ச்சினால் மருந்து போகாதோவெனின், பெனிசிலினின் பெரும்பகுதி கொதிப்பிலும் அழியாது. அஃது ஒவ்வாதார்க்குச் சிறிதளவும் தீங்காகலாம்.

ஆயினும் கிருமியின் சான்று எப்போதும் மெய்ச்சான்றன்று. நோயுற்ற மடியின் பாலிலும் சீம்பாலிலும் கிருமியைத் தடுக்கும் புரதங்கள் இயல்பாகவே மிகுந்துள்ளன. அவை வெப்பத்திற் கெடுவன. ஆதலின் ஐயுற்ற பாலை 80 பாகையில் 10 நிமிடம் வைத்து மீளச் சோதிப்பர். இதனை வீண் நுணுக்கமென்று நாம் கருதோம். பொய்ச்சான்றாற் பால் கொட்டப்படின், வருந்துபவர் இரண்டொரு பசுவால் வாழ்பவரே.

இறைச்சிக்குச் சிறுநீரகமே சான்று. மருந்துகள் பல அவ்வழியே வெளியேறுகின்றன. 1979இல் அமெரிக்க வேளாண்மைத் துறை புகுத்திய முறையில், சிறுநீரகத்துட் செருகிய பஞ்சுக்குச்சியைக் கிருமி பரப்பிய தட்டில் ஓரிரவு வைத்தனர். குச்சியைச் சூழக் கிருமி வளரா வட்டம் தோன்றின் மருந்துண்டெனத் தெளிந்தனர்.

எம்மருந்து, எவ்வளவு என்பன இவற்றால் விளங்கா. அதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 1 கிலோ பாலில் பென்சைல் பெனிசிலின் 4 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாதென விதித்துள்ளது. 1 கிராம் மருந்தே 2,50,000 கிலோ பாலை அவ்வெல்லையிற் கொண்டுபோய் நிறுத்தும்! ஒரு பசுவின் பால் ஊர்ப்பாலனைத்தையும் கெடுத்தல் இதனால் இயல்வதாகும். எனவே கருத்துடையோர் மருந்திட்ட பசுவின் காலிற் பட்டை கட்டி, இறுதியிற் கறந்து, மருந்துச்சீட்டிற் குறித்த நாள் கழியுமளவும் அப்பாலை விலக்கி வைக்கின்றனர்.