ஒரே காட்சியை இரண்டு தடவை எழுது

அன்புள்ள தங்கைக்கு,

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்தது. இந்தக் கோடை விடுமுறையில் நாடகமும் திரைக்கதையும் எழுதப் பழக வேண்டும், எந்த வகுப்பில் சேரலாம் என்று கேட்டிருந்தாய். வகுப்பு அப்புறம். முதலில் வீட்டிலேயே ஒரு காரியம் செய்.

பெங்களூர் அல்சூரில் வாடகைக்குக் குடியிருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சண்டை ஒன்று உண்டு. காலி செய்யும்போது அட்வான்ஸைத் திருப்பிக் கேட்பார்கள். பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொண்டுதான் தருவேன் என்பார் வீட்டுக்காரர். இதை முதலில் நாடகமாக எழுது. ஓர் அறை, இரண்டு பேர், பத்து நிமிடம். மேடையில் குளோசப் கிடையாது. கடைசி வரிசைக்கும் பேச்சிலேயே விஷயம் போய்ச் சேர வேண்டும். ஆனால் இருவரும் பெயின்ட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் நாடகம் நகராது. மகளின் கல்யாணச் செலவுக்கு அந்தப் பணத்தைத்தான் நம்பியிருக்கிறோம் என்பதைக் குடியிருப்பவர் மறைக்கட்டும். அந்த அட்வான்ஸ் எப்போதோ செலவாகிவிட்டது என்பதை வீட்டுக்காரர் மறைக்கட்டும். யார் வாயிலிருந்து எது முதலில் வெளியே வருகிறது என்பதில்தான் உன் நாடகம் இருக்கிறது.

பிறகு அதையே திரைக்கதையாக எழுது. பாதி வசனத்தை அடித்துவிடு. வீட்டுக்காரர் சுவரில் உள்ள ஆணி ஓட்டைகளை விரலால் தொட்டு எண்ணுகிறார். காலண்டர் தொங்கிய இடத்தில் மட்டும் சுவரின் பழைய நிறம் அப்படியே இருக்கிறது. எத்தனை வருஷக் குடித்தனம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு வித்தையும் தெரிந்தவர் இதே பெங்களூரில் இருந்தார். பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளர் வேலை பார்த்துக்கொண்டே எழுதிய சுஜாதா. அவருடைய நாடகங்களைப் பூர்ணம் விஸ்வநாதன் மேடையேற்றினார். சுஜாதா எழுதிய ‘திரைக்கதை எழுதுவது எப்படி?’ புத்தகத்தைப் படி. அல்சூர் ஏரிக்கரைப் பக்கம் இருக்கும் தமிழ்ச் சங்கத்துக்குப் போய் இந்திரா பார்த்தசாரதி, ந. முத்துசாமி நாடகங்கள் கிடைக்குமா என்று கேள். ஜே.பி. நகர் ரங்க சங்கரா அரங்கில் ஒரு கன்னட நாடகமாவது பார்.

வசனத்தில் பாடப்புத்தகத் தமிழ் வேண்டாம். வீட்டுக்காரர் கன்னடத்தில் கேட்க, குடியிருப்பவர் தமிழில் பதில் சொல்ல, இருவருக்கும் எல்லாம் புரிகிறது. உன் தெருப் பேச்சு அப்படித்தானே? சென்னையில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு இது காதில் விழாது.

எழுதி முடித்ததும் வேறு இரண்டு பேரிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல். அவர்கள் தடுமாறும் வரியைத் திருத்து. முழுநீளப் படத்துக்கு இப்போதே கதை யோசிக்காதே. பி.யு.சி. தொடங்குவதற்குள் இந்த ஒரு காட்சியை முடித்து அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்