வளைந்த காலை நிமிர்த்தினால் முழங்கால் வலி குறையுமா?

நம்பிக்கை: மூட்டு தேய்ந்துவிட்டால் மாற்று அறுவை ஒன்றுதான் வழி.

எல்லாருக்கும் அல்ல. நேரான காலிலேயே, நடக்கும்போது முழங்காலின் உட்பக்கம்தான் பாதிக்கு மேல் பாரத்தைச் சுமக்கிறது. கால் வில்போல் வளைந்திருந்தால் அந்தப் பங்கு இன்னும் கூடும். உட்பக்க ஜவ்வு தேயத் தேய வளைவு அதிகமாகும். வளைவு அதிகமானால் தேய்மானம் இன்னும் வேகமெடுக்கும். வெளிப்பக்கம் பல வருடம் நன்றாகவே இருக்கும். ஐம்பது வயதில் வருகிறவருக்கு அந்த நல்ல பக்கத்தையும் சேர்த்து வெட்டியெடுப்பதற்கு முன், பாரத்தை அங்கே மாற்ற முடியுமா என்று பார்ப்பதுதான் நியாயம்.

அதற்கான அறுவையில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே பெரிய எலும்பை உட்புறத்திலிருந்து அறுப்பார்கள். வெளிப்புறத்தில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டரை அறுக்காமல் கீல்போல விட்டுவைப்பார்கள். அறுத்த இடத்தை மில்லிமீட்டர் கணக்கில் மெல்ல விரிப்பார்கள். இடுப்பிலிருந்து கணுக்காலுக்குப் போகும் பாரக்கோடு மூட்டின் நடுவைத் தாண்டிச் சற்று வெளியே விழுந்ததும், பிளேட் வைத்து ஸ்க்ரூ போட்டு இறுக்குவார்கள். மூட்டு நம்முடையதாகவே இருக்கும். சம்மணமிட்டு உட்காரவும், குத்தவைக்கவும் வேண்டியவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

நம்பிக்கை: இது இப்போதுதான் வந்த சோதனை முறை.

1961-லேயே பிரிட்டனில் ஜாக்சன், வா என்ற இரு மருத்துவர்கள் இதைப் பற்றி எழுதிவிட்டார்கள்.

நம்பிக்கை: தேய்ந்த ஜவ்வு பழையபடி ஆகிவிடும்.

அப்படி எதிர்பார்த்தால் ஏமாற்றமே. குறைவது பாரமும் அதனால் வரும் வலியும்தான். சரியான ஆளைத் தேர்ந்து செய்தால் பெரும்பாலோருக்குப் பத்து வருடம் போலத் தாங்கும். பிறகு தேவைப்பட்டால் மூட்டு மாற்று செய்துகொள்ளலாம். அந்த அறுவை கொஞ்சம் சிக்கலாகலாம், அவ்வளவே.

நம்பிக்கை: வலி இருக்கும் யாரும் செய்துகொள்ளலாம்.

கூடாது. முடக்குவாதம் உள்ளவர்கள், மூட்டு முழுவதும் தேய்ந்தவர்கள், முழங்கால் மடங்காமல் இறுகிப்போனவர்கள் இதற்கு ஏற்றவர்கள் அல்லர். புகைபிடித்தால் எலும்பு கூடத் தாமதமாகும். சீழ் பிடிப்பது, ரத்தம் உறைவது, கீல் பகுதி விரிசல் விடுவது ஆகிய ஆபத்துகளும் உண்டு. சில வாரங்கள் ஊன்றுகோல், எலும்பு கூட மாதங்கள் என்று வேலையையும் வீட்டையும் முன்கூட்டியே ஒழுங்குசெய்துகொள்ள வேண்டும்.

படுக்கவைத்து முழங்காலை மட்டும் எடுத்த எக்ஸ்ரேயை வைத்து இதை முடிவுசெய்ய முடியாது. நின்றபடி, இடுப்பு முதல் கணுக்கால் வரை இரு கால்களும் தெரியும் எக்ஸ்ரே எடுத்தீர்களா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வெளிப்பக்க ஜவ்வு நன்றாக இருக்கும்போதே கேளுங்கள்.