கோடியக்கரையில் ஒரு பருவம்

அன்பு மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் பெரியப்பாவின் ஆசிகள்.

பிள்ளைகளின் படிப்பை ஓராண்டு நிறுத்திவைத்து, முதுகுப்பையுடன் ஸ்பிதி முதல் மேகாலயம் வரை குடும்பமாகச் சுற்றி, முடிவில் ஏதேனும் ஒரு சரணாலயத்தில் பதினைந்து நாள் தன்னார்வப் பணி செய்வதென்னும் திட்டம் பெரியவர்களைக் கலக்காமலே உருவாயிற்று என்றாலும், அதைக் குறை சொல்வது இக்கடிதத்தின் நோக்கமன்று. ஆனால் ஸ்பிதியின் ஊர்கள் பலவும் கடல் மட்டத்திற்கு மேல் 3,600 மீட்டரைத் தாண்டியவை. அங்கே காற்றழுத்தம் குறைவதால் உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைந்து, தலைவலியும் வாந்தியும் மூச்சுத்திணறலுமாக உயரநோய் வரக்கூடும். இளையவனுக்கு இழுப்பு வந்த அந்த மார்கழியைப் பெரியம்மா இன்னும் மறக்கவில்லை.

வழிகள் இரண்டு, எதைத் தேர்வதென்பது முற்றிலும் மகளின் விருப்பம். ஒன்று மேற்சொன்ன சுற்று. மற்றொன்று, ஐப்பசி முதல் மாசி வரை கோடியக்கரையிலேயே தங்கியிருப்பது. 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இவ்விடம், 2002இல் ராம்சர் தலமாகவும் ஏற்கப்பட்டது. அதாவது, ஈரானின் ராம்சர் நகரில் 1971இல் கையெழுத்தான உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமெனப் பட்டியலில் சேர்ந்தது. பூநாரைகளும் உள்ளான்களும் வந்திறங்கும் அப்பருவத்தில்தான் வனத்துறை தன்னார்வலர்களையும் சேர்த்துக்கொண்டு பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. பதினைந்து நாளில் ஓர் உள்ளானையும் இன்னோர் உள்ளானையும் பிரித்தறியக்கூட எவராலும் இயலாது.

கணக்கெடுப்பைவிட முக்கியமான வேலை ஒன்றும் அங்கே உண்டு. மெக்சிகோ, தென்னமெரிக்கப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்டு, விறகுக்கென இந்நாட்டிற்குக் கொண்டுவரப்பட்ட சீமைக் கருவேலம், வெளிமான்கள் மேயும் புல்வெளியை ஆண்டுதோறும் விழுங்கி வருகிறது. அதன் நெற்று இனிப்பானதாகையால் மான்களும் காட்டுக்குதிரைகளும் விரும்பித் தின்ன, கெட்டித்தோல் விதைகள் செரிக்காமல் வெளியேறி முளைக்கின்றன. மழைக்குப் பின் குதிரை லத்தியைக் குச்சியால் கிளறினால், இரண்டிலை விட்ட கன்றுகள் அதிலேயே கொத்தாக நிற்பதைக் காணலாம். மேலே வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் கிளைக்கும். வேரோடு தோண்டி, அடுத்த மழைக்கு முளைப்பவற்றையும் கையால் பிடுங்கியாக வேண்டும். ஒருமுறை வந்து போகிறவரால் ஆகிற காரியமன்று. (கரிமூட்டம் போடும் ஏழைகள் பலருக்கு இம்மரமே சோறு போடுகிறது என்பதும் உண்மைதான், ஆனால் சரணாலயத்திற்குள் அந்த நியாயம் செல்லாது.)

குடும்பத்தின் கீழக்கொல்லை நிலத்தையும் சீமைக் கருவேலம் இப்படியே விழுங்கிற்று. பாகம் பிரித்தபோது நல்ல பங்கு எவருக்குப் போயிற்று என்பதும், ஊர் ஊராக மாற்றலாகிப் போனவர் அதை எத்தனை ஆண்டு எட்டிப் பார்க்கவில்லை என்பதும் குடும்பத்தில் யாவரும் அறிந்தவை. ஒரு பருவம் உடனிருந்து களை பிடுங்கியிருந்தால் இன்று அங்கே கடலை விளைந்திருக்கும். தந்தையின் கால்களில் இருந்த சக்கரம் மகளின் கால்களிலும் இருப்பதாகத் தோன்றுவதே இக்கடிதம் இவ்வளவு நீண்டதற்குக் காரணம்.

எனினும் இவையெல்லாம் வயதானவர்களின் புலம்பலென்று தள்ளிவிடலாம். மகளைப் போன்ற துணிச்சல்காரி இக்குடும்பத்தில் வேறு எவருமில்லை. மாப்பிள்ளையின் பொறுமையோ ஊரறிந்தது. ஸ்பிதிக்கே போவதானால் கம்பளி உடைக்கான பணத்தைப் பெரியப்பாவே அனுப்புவார், பெரியம்மா பருப்புப்பொடியும் முறுக்கும் கட்டித் தருவாள், ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டாள். பேரப்பிள்ளைகளுக்கு ஆயிரம் முத்தங்கள். 2023 முதல் அகஸ்தியன்பள்ளி வரை மீண்டும் ரயில் ஓடுகிறது. வேதாரண்யத்து வீட்டின் மாடி அறைக்கு வெள்ளையடித்தாயிற்று, சரணாலயத்தில் பணிசெய்ய முன் அனுமதி தேவை என்பதால் வனத்துறைக்குத் தரவேண்டிய விண்ணப்பமும் எழுதிவைத்தாயிற்று. கையெழுத்து மட்டுமே பாக்கி; புரட்டாசிக்குள் பதில் எழுதுக.