பணம் அரசுடையது, பள்ளி யாருடையது?

பிள்ளை எட்டாம் வகுப்பைத் தாண்டும்போதுதான் பல வீடுகளில் படிப்புச் செலவு பெருங்கவலையாகிறது. அரசுப் பள்ளி, இல்லாவிட்டால் கட்டணம் வாங்கும் தனியார் பள்ளி, இந்த இரண்டை விட்டால் வேறு வழியில்லை என்றே பேசிப் பழகிவிட்டோம். பள்ளிக்குப் பணம் தருவது யார் என்பது ஒரு கேள்வி. அதை நடத்துவது யார் என்பது வேறொரு கேள்வி. இந்த இரண்டையும் பலவிதமாகச் சேர்த்துப் பார்த்த நாடுகள் உண்டு. நமக்கும் அந்த அனுபவம் நிறையவே இருக்கிறது. அதை வைத்துச் சில நம்பிக்கைகளைச் சரிபார்க்கலாம்.

நம்பிக்கை 1: தனியார் நடத்தும் பள்ளி என்றால் கட்டணம் கட்டித்தான் ஆகவேண்டும்.

உண்மை: தமிழ்நாட்டில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு உதவிபெறும் பள்ளிகள் இருக்கின்றன. நிர்வாகம் அறக்கட்டளையிடமோ, சபையிடமோ, ஊர்ச் சங்கத்திடமோ இருக்கும். அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் உள்ள ஆசிரியர்களுக்கு ஊதியம் தருவது அரசு. 1854-இல் லண்டனிலிருந்து சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கையில் தொடங்கிய மானிய முறை இது. அரசு ஊதியம் தரும் தமிழ்வழி வகுப்புகளுக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. அதே வளாகத்தில் சுயநிதிப் பிரிவு இருந்தால் அதற்குக் கட்டணம் உண்டு. ஆகவே சேர்க்கும்போதே எந்தப் பிரிவு என்று கேட்டுக்கொள்வது நல்லது.

நெதர்லாந்து இந்த முறையை நாட்டின் அடித்தளமாகவே ஆக்கிக்கொண்டது. 1917-இல் அரசமைப்பைத் திருத்தி, சமய அமைப்புகளும் சங்கங்களும் நடத்தும் தொடக்கப் பள்ளிகளுக்கு அரசுப் பள்ளிகளுக்கு இணையான நிதி தந்தார்கள். பின்னர் அது இடைநிலைக் கல்விக்கும் விரிந்தது. இன்று அங்கே சுமார் மூன்றில் இரண்டு பங்கு மாணவர்கள் அத்தகைய பள்ளிகளில் படிக்கிறார்கள்.

நம்பிக்கை 2: கல்வி உரிமைச் சட்டத்தில் இடம் கிடைத்தால் பள்ளிப் படிப்பு முழுவதும் இலவசம்.

உண்மை: 2009-ஆம் ஆண்டுச் சட்டம் 6 முதல் 14 வயதுவரைக்கானது. தனியார் பள்ளிகள் நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கும் 25 விழுக்காடு இடங்களில் சேரும் பிள்ளைகளுக்கு அரசு பணம் செலுத்துவது எட்டாம் வகுப்போடு முடிகிறது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து கட்டணம் பெற்றோர் தலையில் விழுகிறது. இடைநிற்றல் அபாயம் கூடும் வயதில் கைவிடும் இந்த ஏற்பாட்டை மாற்றியே ஆகவேண்டும்.

நம்பிக்கை 3: நிர்வாகம் தனியாரிடம் போனாலே தரம் உயர்ந்துவிடும்.

உண்மை: அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் 1991-இல் சார்ட்டர் பள்ளிச் சட்டம் கொண்டுவந்தது. அரசுப் பணத்தில், தனி நிர்வாகத்தில் இயங்கும் பள்ளிகள் அவை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு மையம் 2009-இல் பல மாநிலங்களின் சார்ட்டர் பள்ளிகளுடைய கணிதத் தேர்ச்சியை அருகிலுள்ள அரசுப் பள்ளிகளோடு ஒப்பிட்டது. 17 விழுக்காடு பள்ளிகள் மேலாக இருந்தன. 37 விழுக்காடு கீழே இருந்தன. எஞ்சியவற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதே மையத்தின் 2023 அறிக்கையில் சார்ட்டர் பள்ளிகளின் சராசரி சற்று மேலே வந்திருந்தது. அப்போதும் பள்ளிக்குப் பள்ளி பெரிய ஏற்றத்தாழ்வு இருந்தது. வாசலில் தொங்கும் பலகையை வைத்துத் தரத்தைக் கணிக்க முடியாது.

நம்பிக்கை 4: அரசு தரும் பணம் மாணவரோடு போகும்படி செய்தால் ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரே வாய்ப்பு கிடைக்கும்.

உண்மை: சிலி நாடு 1981-இல், பினோசெட்டின் ராணுவ ஆட்சியில், இதைச் செய்து பார்த்தது. பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகிறதோ அந்தப் பள்ளிக்கு மானியம் போனது. மானியப் பள்ளிகள் மாணவர்களைப் பொறுக்கி எடுத்தன. 1990-களில் மானியத்துக்கு மேலே பெற்றோரிடமும் கட்டணம் வாங்க வழி திறந்தது. வசதி உள்ள பிள்ளைகள் ஒருபுறமும் இல்லாத பிள்ளைகள் மறுபுறமுமாகப் பிரிந்தார்கள்.

இதை எதிர்த்து 2006-இல் தெருவுக்கு வந்தவர்கள் உயர்நிலைப் பள்ளி மாணவர்களே. அவர்களுடைய கருநீல வெள்ளைச் சீருடையால் அந்தப் போராட்டத்துக்குப் ‘பெங்குவின் புரட்சி’ என்று பெயர் வந்தது. 2008-இல் ஏழை மாணவர்களுக்குக் கூடுதல் மானியம் தரும் சட்டம் பிறந்தது. 2015-ஆம் ஆண்டுச் சட்டம் மானியப் பள்ளிகளில் இலாபம், பொறுக்கி எடுத்தல், கூடுதல் கட்டணம் மூன்றையும் படிப்படியாக ஒழிக்க வழிசெய்தது. பணம் மாணவரோடு போவதில் குற்றமில்லை. நிபந்தனை இல்லாமல் போனதுதான் குற்றம்.

நம்பிக்கை 5: போட்டி வந்தால் மோசமான பள்ளி தானே மூடிக்கொள்ளும், மாணவருக்கு நட்டமில்லை.

உண்மை: 1992 சீர்திருத்தத்துக்குப் பின் சுவீடனில் அரசு நிதி பெறும் பள்ளிகளை இலாப நோக்குள்ள நிறுவனங்களும் நடத்த முடிந்தது. அவற்றில் ஒன்றான ஜேபி எஜுகேஷன் 2013-இல் நொடித்துப்போனது. சில பள்ளிகள் கைமாறின, சில மூடப்பட்டன. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் பத்தாயிரம் மாணவர்கள். முதலீட்டாளர் இழந்த பணத்தை வேறு தொழிலில் மீட்கலாம். பதினோராம் வகுப்பின் நடுவே பள்ளியை இழந்த பிள்ளைக்கு அந்த ஆண்டை யார் மீட்டுத் தருவார்?

நம்பிக்கை 6: முன்னாள் மாணவர்களும் கம்பெனிகளும் கொடுத்தால் அரசு நிதி தேவைப்படாது.

உண்மை: கொடுப்பதில் நம் ஊர்களுக்கு இணை குறைவு. விருதுநகரில் பெண்கள் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்து ஒரு பள்ளியை வளர்த்தார்கள். காமராஜர் படித்த சத்திரிய வித்யாசாலைதான் அது. 1958-இல் அன்றைய கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னெடுத்த பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தில் ஊர்மக்கள் நிலமும் கட்டடமும் பெஞ்சும் கொடுத்தார்கள். 2022 டிசம்பரில் தமிழக அரசு ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ என்ற பெயரில் அதே கொடைக்கு வழி அமைத்தது.

ஆனாலும் கொடையால் ஒருமுறை கட்டடம் எழும். மாதந்தோறும் ஆசிரியர் ஊதியம் வராது. இடைநிலைக் கல்விக்குப் பாடத்துக்கொரு ஆசிரியர் வேண்டும், ஆய்வகம் வேண்டும். வெளிநாட்டில் வேலைபார்க்கும் பழைய மாணவர்கள் உள்ள பள்ளிக்குத் திறன்மிகு வகுப்பறை வரும். முதல் தலைமுறை இப்போதுதான் படிக்கும் மலையூர்ப் பள்ளிக்கு யார் தருவார்? அங்கே அரசு மட்டுமே கைகொடுக்க முடியும்.

புதிய திட்டம் எதுவாக இருந்தாலும், அதை ஆதரிக்குமுன் நான்கு கேள்விகள் கேட்போம். எல்லாப் பிள்ளைக்கும் கதவு திறந்திருக்கிறதா? மானியத்துக்கு மேல் பெற்றோரிடம் பணம் பறிக்கப்படுமா? மிஞ்சும் பணம் பள்ளிக்கே திரும்புமா? பள்ளி மூடினால் மாணவருக்குப் பொறுப்பேற்பது யார்? பொதுப்பணத்தில் நடக்கும் எந்தப் பள்ளியின் தாளாளரிடமும் தலைமையாசிரியரிடமும் இவற்றைக் கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. அரசுப் பள்ளியில் அதற்குப் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் முக்கால் பங்கு இடம் பெற்றோருடையது. அடுத்த கூட்டத்துக்குப் போங்கள், கணக்கைக் கேளுங்கள்.