பல் முளைத்தால் பேதியா?

"பல்லு மொளைக்குது, அதான் புள்ளைக்கு வயித்தால போவுது." ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ ஒரு ஆயா இப்படிச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. ஆனால் பேதிக்குக் காரணம் பல் இல்லை. ஆறாம் மாதத்தையொட்டிப் பல் வருகிறது. அதே நாட்களில்தான் குழந்தை தவழ்ந்துபோய்க் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிறது. தாய்ப்பாலோடு சோறும் தண்ணீரும் சேர்கின்றன. தாயிடமிருந்து வந்த நோயெதிர்ப்பும் குறைகிறது. கிருமி செய்ததற்குப் பல் பழி சுமக்கிறது. வயிற்றில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று தொக்கம் எடுக்க அலைந்தால் இன்னொரு நாள் போகும், அதற்குள் உடம்பில் தண்ணீர் வற்றிவிடும். வேண்டியது ஓ.ஆர்.எஸ். கரைசலும் ஜிங்க் மாத்திரையும்தான். இரண்டும் அரசு சுகாதார நிலையத்தில் இலவசம். பேதி நிற்கட்டும் என்று பாலையும் சோற்றையும் நிறுத்துவது இன்னும் மோசம்.

பல் மேல் பழி போட்ட பேதி எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனையில் கூட்டம் இல்லாவிட்டால் ஊரில் நோயே இல்லை என்று நினைக்கிறோம். நோயாளிகளில் சிலர்தான் மருத்துவரிடம் போகிறார்கள். அவர்களில் சிலருக்குத்தான் மலப் பரிசோதனை. அதிலும் சிலருக்குத்தான் கிருமி பிடிபடும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2007இல் அமைத்த நிபுணர் குழு, பதிவேடுகளை மட்டும் கூட்டிப் பார்த்து முடித்துக்கொள்ளவில்லை. ஆய்வுகளைச் சேர்த்து, விடுபட்டவர்களையும் மதிப்பிட்டது. 2015இல் வந்த அதன் கணக்குப்படி, 2010ஆம் ஆண்டில் மட்டும் உணவு வழியாக 60 கோடிப் பேருக்கு நோய், 4,20,000 சாவு. இறந்தவர்களில் 1,25,000 பேர் ஐந்து வயது நிரம்பாதவர்கள். மதிப்பீடுதான், கூடக்குறைய இருக்கும். பதிவேட்டின் மௌனத்தைவிட அதை நம்பலாம்.

வீடு வீடாகப் போனால் என்ன தெரியும் என்பதற்கு வேலூரே சாட்சி. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று நடத்திய ஆய்வில், 2017 முதல் 2020 வரை நான்கு ஊர்களில் சுமார் 24,000 குழந்தைகளை வாராவாரம் விசாரித்தார்கள். காய்ச்சல் மூன்று நாள் நீடித்தால் ரத்தம் எடுத்தார்கள். டெல்லி, கொல்கத்தா, வேலூர் நகர்ப்பகுதிகளில் லட்சம் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு 576 முதல் 1,173 பேருக்கு டைஃபாய்டு உறுதியானது. புனே அருகே கிராமப்புறத்தில் 35தான். இத்தனைக்கும் அந்த ரத்தப் பரிசோதனை பத்தில் நான்கு பேரையாவது தவறவிடும்.

"நேத்து தின்ன பிரியாணிதான்" என்பது அடுத்த தீர்ப்பு. சில சமயம் சரிதான், ஸ்டஃபிலோகாக்கஸ் நஞ்சு ஓரிரு மணி நேரத்திலேயே வாந்தியைக் கொண்டுவரும். ஆனால் டைஃபாய்டுக்கு ஒன்று முதல் மூன்று வாரம், மஞ்சள் காமாலையின் ஏ வகைக்கு ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். போன மாதம், குழாயில் தண்ணீர் வராத நேரத்தில் அழுத்தம் இறங்கி, விரிசல் வழியே சாக்கடையை உள்ளே இழுத்திருக்கலாம். அதை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? பிரியாணிக் கடை மாட்டிக்கொள்கிறது.

நன்றாகக் கொதித்தால் எல்லாம் செத்துவிடும் என்பதும் அரை உண்மை. காசிமேட்டில் வாங்கிய சூரையோ கானாங்கெளுத்தியோ ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமைன் சேரும். குழம்பு எவ்வளவு கொதித்தாலும் அது போகாது. முகம் சிவந்து அரித்தால், "மீன் ஒத்துக்கல" என்று முடித்துவிடுகிறோம். இதுவும் கணக்கில் வராது.

"எங்க உடம்புக்கு இதெல்லாம் பழகிடுச்சு." இதில் கொஞ்சம் உண்மை உண்டு. திரும்பத் திரும்பத் தாக்கிய கிருமிக்குப் பெரியவர்களிடம் எதிர்ப்பு வளரும். அந்தப் பழக்கத்துக்கு விலை கொடுப்பது சின்ன வயதில். பழகியது ஒரு கிருமிக்குத்தான், ஊர்த் தண்ணீருக்கு அல்ல என்பதையும் 1992இல் சென்னை பார்த்தது. காலராக் கிருமிகளில் ஓ1 வகை மட்டுமே அந்நோயைக் கொள்ளைநோயாகப் பரப்பும் என்று விஞ்ஞானிகளே நம்பிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு இங்கே தலைகாட்டிய கிருமி ஓ1 சோதனைக்குப் பிடிபடவில்லை. அதுவரை அறிந்த 138 வகைகளிலும் சேராததால் ஓ139 என்று பெயர் வைத்தார்கள். சில மாதங்களில் கொல்கத்தாவையும் வங்கதேசத்தையும் எட்டியது. ஓ1 காலராவுக்குப் பழகிய ஊர்களில், இதில் படுத்தவர்களில் பெரும்பாலோர் பெரியவர்கள்.