முகாமுக்கு மளிகை அனுப்பும் முறை

கல்லூரி, மேல்நிலைப் பள்ளிகளின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஏதேனும் ஒரு கிராமத்தில் 7 நாள் சிறப்பு முகாம் நடத்துவதை நாம் அறிவோம். கடைத்தெருவுக்குத் தொலைவில் 50 பிள்ளைகள் உண்ண வேண்டும். ஒரு பொருள் குறைந்தாலும் அடுப்பு நின்றுபோகும். எனவே இவ்வியாபாரத்தில் லாபத்துக்கு முன் ஒழுங்கு வேண்டும்.

முதலாவது, கணக்கு. வேளைக்குத் தலைக்கு 150 கிராம் அரிசி என்றால், இரு வேளைக்கு நாளொன்றுக்கு 15 கிலோ; 7 நாளுக்கு 105 கிலோ. 26 கிலோ சிப்பம் 4 ஏறத்தாழச் சரியாகும். விருந்தினருக்கென ஒரு சிப்பம் கூடுதலாக அனுப்பி, பிரிக்காவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிடலாம்.

இரண்டாவது, நேரம். அரிசி, பருப்பு, புளி, எண்ணெய் ஆகியவை முகாமுக்கு முதல் நாள் மாலையே போய்ச் சேர வேண்டும். காய்கறியை அன்றாடம் அனுப்புவதே நல்லது. தரையில் ஈரம் ஏறுமாதலால் மூட்டைகளைப் பலகை மேல் அடுக்கச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, கையெழுத்து. கேட்ட மாணவருக்கெல்லாம் சரக்குக் கொடுத்தால் முடிவில் கணக்கு இடிக்கும். திட்ட அலுவலரோ, அவர் குறிப்பிட்ட ஒருவரோ மட்டும் எடை பார்த்துச் சிட்டையில் கையெழுத்திட வேண்டும். பணம் பெரும்பாலும் முகாம் முடிந்த பிறகே கைக்கு வரும். அதுவரை நமக்குச் சாட்சி அந்தச் சிட்டைதான்.

பிள்ளைகள் வயிறார உண்டு திரும்பினால், அடுத்த ஆண்டு முகாமும் நம் கடையைத் தேடி வரும்.