புகைக்குழாய் எங்கே முடிய வேண்டும்?
நம்பிக்கைகளும் உண்மைகளும்

1960களின் அமெரிக்க மசில் கார் ஒன்றைப் புதுப்பிக்கிறவர்கள் இன்ஜினுக்கும் பெயிண்டுக்கும் மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். புகைக்குழாயின் முனையை எங்கே விடுவது என்பதை மட்டும், வண்டி லிஃப்டில் ஏறிய பிறகு, வெல்டிங் செய்பவர் கேட்கும்போதுதான் முடிவு செய்கிறார்கள். அந்த நேரத்தில் நினைவுக்கு வருவதெல்லாம் செவிவழிச் செய்திகள். அவற்றில் சில பணத்தை வீணாக்கும். ஒன்று உயிருக்கே உலை வைக்கும்.

நம்பிக்கை: முனை பெரிதாக இருந்தால் பவர் கூடும், சத்தமும் கம்பீரமாகும்.

உண்மை: புகை முனைக்கு வருவதற்குள் இன்ஜினின் வேலை முடிந்துவிடுகிறது. பவரைத் தீர்மானிப்பவை மானிஃபோல்டு அல்லது ஹெடர், குழாயின் உள்விட்டம், வளைவுகள், சைலன்சரின் உள்ளமைப்பு ஆகியவையே. இரண்டரை அங்குலக் குழாயின் நுனியில் நான்கு அங்குல முனையை மாட்டினாலும் புகை வருவது அதே இரண்டரை அங்குல வழியில்தான். சத்தத்தின் சாயல் சற்றே மாறலாம், அவ்வளவுதான். வி-8 இன்ஜினின் அந்த அடிவயிற்று உறுமல் வேண்டுமென்றால் செலவைச் சைலன்சரில் செய்யுங்கள்.

நம்பிக்கை: பக்கவாட்டில் விட்டால் குழாய் குட்டையாகும். புகையின் ஓட்டம் வேகமாகும்.

உண்மை: இதற்கு 1970ஆம் ஆண்டின் இரண்டு வண்டிகளே பதில் சொல்கின்றன. ப்ளிமத் ஏஏஆர் குடா, டாட்ஜ் சேலஞ்சர் டி/ஏ இரண்டிலும் பின்சக்கரத்துக்கு முன்பாகவே குழாய் பக்கவாட்டில் எட்டிப் பார்க்கும். பார்க்கிறவர்கள் அதைக் குறுக்குவழி என்று நினைப்பார்கள். அடியில் படுத்துப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். குழாய் முதலில் வண்டியின் பின்பகுதியில் உள்ள சைலன்சர் வரை போகிறது. அங்கிருந்து திரும்பி, மறுபடி முன்னோக்கி வந்துதான் வெளியேறுகிறது. அது பந்தயக் கார்களின் தோற்றத்துக்காக எடுத்த முடிவு, பவருக்காக அல்ல. பக்கக் குழாய் அழகுதான். ஆனால் அது சத்தத்தை ஜன்னலுக்குக் கீழேயே கொண்டுவருகிறது, இறங்குகிறவரின் காலுக்கருகில் சூட்டையும் வைக்கிறது.

நம்பிக்கை: பளபளக்கும் முனை பின்னால் தெரிந்தால்தான் ஒரிஜினல்.

உண்மை: ஒரே கம்பெனிகூட எல்லா வண்டிக்கும் ஒரே இடத்தைக் கொடுக்கவில்லை. ஃபோர்டு மஸ்டாங்கில் பம்பருக்குக் கீழுள்ள தகட்டைத் துளைத்து எக்காள வடிவ முனைகள் வெளியே வந்தது, 1965 ஏப்ரலில் அறிமுகமான ஜிடி தொகுப்பில். சாதாரண மஸ்டாங்கில் குழாய் அந்தத் தகட்டுக்கு அடியிலேயே அடக்கமாக முடிந்தது. மஸ்டாங்கையே மாற்றியமைத்த 1965 ஷெல்பி ஜிடி350இல் குழாய் பக்கவாட்டில் பின்சக்கரத்துக்கு முன் முடிந்தது. அடுத்த ஆண்டின் பெரும்பாலான வண்டிகளில் அது பின்னுக்குப் போய்விட்டது. பான்டியாக் ஜிடிஓவில் பின்சக்கரத்துக்குப் பின்னால், இரட்டை நாக்குபோல் பிரிந்த முனைகளை விருப்பப்பட்டவர்கள் வாங்கிக்கொள்ளலாம். ஆகவே உங்கள் வண்டியின் ஆண்டையும் தொகுப்பையும் பார்த்துவிட்டுத்தான் தகட்டில் ஓட்டை போட வேண்டும். சாதாரண வண்டியை ஜிடிபோல் மாற்றுவதில் தவறில்லை. விற்கும்போது வாங்குகிறவரிடம் சொல்லாமல் விடுவதுதான் தவறு.

நம்பிக்கை: முனை பம்பரை ஒட்டி, இடைவெளியே இல்லாமல் உட்கார்ந்தால்தான் வேலை சுத்தம்.

உண்மை: குழாய் அசையும், நீளும். மூன்று மீட்டர் இரும்புக் குழாயின் சூடு 200 டிகிரி செல்சியஸ் கூடினால் சுமார் 7 மில்லிமீட்டர் நீளும். சில வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலானால் 10 மில்லிமீட்டர் வரை. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் ரப்பர் மவுண்டில் இன்ஜின் ஒருபக்கம் சாயும். அந்த ஆட்டம் கடைசி ஹேங்கர் வரை போகும். இடம் விடாவிட்டால் தகடு தட்டும், பெயிண்ட் கொப்புளிக்கும், குரோம் பழுப்பேறும். சுற்றிலும் அரை அங்குலத்துக்குக் குறையாமல் இடம் விடுங்கள். வண்டி சூடாக இருக்கும்போது ஒருமுறை சரிபாருங்கள்.

நம்பிக்கை: பின்பக்கம் திறந்துவிட்டால் போதும், ஓடும் வேகத்தில் புகை பின்னாலேயே போய்விடும்.

உண்மை: ஆபத்தான நம்பிக்கை இதுதான். ஓடும் வண்டியின் முதுகுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து சுழல் உண்டாகிறது. பம்பருக்கு உள்ளேயே முடியும் குழாயின் புகை அந்தச் சுழலில் சிக்கி டிக்கியின் மூடியை மோதுகிறது. டிக்கி ரப்பர் காய்ந்திருந்தாலோ தரையில் துரு ஓட்டை இருந்தாலோ அது உள்ளே நுழையும். பின் கண்ணாடியைத் திறந்தால் புகை வெளியேறும் என்பார்கள். பல வண்டிகளில் அது புகையை உள்ளே இழுக்கும். பின் ஆக்சிலுக்கு முன்பே குழாயை வெட்டி விட்டால் புகை நேரே தரைத்தகட்டுக்கு அடியில் தங்கும், காதைக் குடையும் ரீங்காரமும் சேரும்.

புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அமெரிக்கக் கார்களில் பரவலாக வந்தது 1975 மாடல்களிலிருந்துதான். மசில் கார்கள் அதற்கு முந்தியவை. கார்புரேட்டர் பெட்ரோலைக் கூடுதலாகக் கொடுத்தால் புகையில் கார்பன் மோனாக்சைடு கூடும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்கிறது. பின்சீட்டில் குழந்தை தூங்குவதுபோல் தெரிந்தாலும், அது தூக்கமா மயக்கமா என்று முன்னால் இருப்பவருக்குத் தெரியாது.

சோதிக்கப் பெரிய கருவி வேண்டாம். நீண்ட ஓட்டம் முடிந்ததும் வண்டி ஆறியபின் டிக்கி விளிம்பை ஈரமான வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் கரி ஏறினால் புகை திரும்பி வருகிறது. ஒரு தாளை வைத்து டிக்கியை மூடி இழுங்கள். தடையில்லாமல் உருவி வந்தால் அந்த இடத்தில் ரப்பர் பிடிக்கவில்லை. முனையை வண்டி உடலின் விளிம்பைத் தாண்டி ஓர் அங்குலமாவது நீட்டுங்கள். பக்கவாட்டில் விட்டாலும் இதே விதிதான். உள்ளே கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் இருக்கட்டும்.

புகை எங்கே போகிறது என்பதை முதலில் பாருங்கள். சூடும் அசைவும் தாங்கும் இடமா என்பதை அடுத்துப் பாருங்கள். இந்த இரண்டிலும் தேறிய இடங்களில் எது அழகோ, அதைத் தேர்ந்தெடுங்கள்.